65 ஆயிரத்துக்கு இன்ஜின் கிடைச்சா லாபமா? ஒரு பழைய கான்டெசாவோட கணக்கு



ரெண்டு மாசம் முன்னாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தி பையன் போன் பண்ணினான். வயசு 26. சென்னையில் ஐ.டி. வேலை. கைக்கு வர்ற சம்பளம் 54 ஆயிரம்.

"அண்ணா, மூணு லட்சம் பர்சனல் லோன் எடுக்கலாமா?"

"எதுக்குடா?"

"அப்பா கார்ல இன்ஜின் மாத்தணும்."

உடனே வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரலை. அந்தக் கார் எனக்கும் தெரியும். 1990 மாடல் கான்டெசா கிளாசிக், பெட்ரோல். சின்ன வயசுல அயோத்தியாப்பட்டணத்துக்கு லீவுக்குப் போனா, சித்தப்பா எங்க எல்லாரையும் அதுல ஏத்திக்கிட்டு குப்பனூர் வழியா ஏற்காடு கூட்டிட்டுப் போவார். பின் சீட்டுல அஞ்சு பசங்க தாராளமா உட்காருவோம். சித்தப்பா தவறி ஆறு வருஷம் ஆச்சு. அன்னையில இருந்து வண்டி வீட்டுக்குப் பின்னாடி கொட்டகையில தார்ப்பாய் போர்த்தி நிக்குது. இன்ஜின் ஜாம்.

உள்ளூர் மெக்கானிக் ஒருத்தர் தம்பிக்கு ஒரு யோசனை சொல்லியிருக்கார். விபத்துல அடிபட்ட ஒரு டெம்போ டிராவலரோட டீசல் இன்ஜின், கியர்பாக்ஸோட 65 ஆயிரத்துக்கு இருக்கு. அதைத் தூக்கி கான்டெசாவுல வச்சிடலாம். மைலேஜ் கிடைக்கும், மலை ஏத்தத்துல இழுவை பிரமாதமா இருக்கும். ஜாம் ஆன பழைய இன்ஜினை அவரே 12 ஆயிரத்துக்கு எடுத்துக்குவார்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. இந்தக் கட்டுரை அந்த 65 ஆயிரத்தைப் பத்தினது. உங்க வீட்டுல பழைய கார் இல்லாட்டியும் படிங்க. விலை மலிவா ஒரு பொருள் கண்ணுல படும்போது நம்ம மூளை போடுற கணக்கு எங்க தப்புதுன்னு இதுல தெளிவா தெரியும்.

அமெரிக்காவுல இது பழைய பழக்கம்

அமெரிக்காவுல மோட்டார்ஹோம்னு ஒண்ணு உண்டு. நம்ம சினிமாக்காரங்க கேரவன் மாதிரி, படுக்கை, சமையலறை எல்லாம் வச்ச பெரிய வண்டி. 1970கள்ல இதுக்கெல்லாம் ராட்சச இன்ஜின்கள் போட்டாங்க. டாட்ஜ் சேசிஸ்ல 440 கன அங்குலம், அதாவது 7.2 லிட்டர். ஷெவர்லே சேசிஸ்ல 454 கன அங்குலம், 7.4 லிட்டர். இந்த வண்டிகள் வருஷத்துல சில வாரம்தான் ஓடும். மீதி நாள் மழையிலயும் வெயிலயும் நிக்கும். கூரை ஒழுகி, மரச் சுவர் உளுத்து, 'வீடு' செத்துப் போகும். ஆனா உள்ள இருக்கிற இன்ஜின் அதிகம் ஓடாம அப்படியே இருக்கும்.

அதனால பழைய டாட்ஜ் சார்ஜர், ஷெவர்லே ஷெவெல் மாதிரி மசில் கார் வச்சிருக்கிறவங்க, உளுத்துப்போன மோட்டார்ஹோமை அடிமாட்டு விலைக்கு வாங்கி, இன்ஜினை மட்டும் கழட்டித் தங்க காருக்கு மாத்துவாங்க.

வாங்கின பிறகுதான் உண்மை தெரியும். மோட்டார்ஹோம் இன்ஜின் பல டன் எடையை மெதுவா இழுக்கிறதுக்காகச் செஞ்சது. கம்ப்ரஷன் குறைவு. ஆரம்ப இழுவை இருக்கும், பாய்ச்சல் இருக்காது. 1970 ஷெவெல்ல வந்த எல்எஸ்6 வகை 454 இன்ஜினுக்கு கம்பெனி சொன்ன சக்தி 450 குதிரைத்திறன். பின்னாடி மோட்டார்ஹோம்ல வந்த அதே 454-க்கு கம்பெனி கணக்குப்படி அதுல பாதிதான். அளக்கிற முறையும் இடையில மாறிச்சு, ஆனா வித்தியாசம் அதனால மட்டும் இல்லை. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கார் பானெட்டுக்குள்ள உட்காராது. ரேடியேட்டர், பிரேக், முன்பக்க ஸ்பிரிங் எல்லாம் மாத்தணும்.

இன்னொரு விஷயம், அதுதான் நமக்கு முக்கியம். அமெரிக்காவுல பழைய மசில் கார் வாங்குறவர் முதல்ல பார்க்கிறது, ஃபேக்டரியில போட்ட அதே இன்ஜின் இருக்கா, நம்பர் பொருந்துதா என்பதை. பொருந்தினா ஒரு விலை. பொருந்தலைன்னா அதைவிட ரொம்பக் குறைஞ்ச விலை.

நம்ம ஊர் மசில் கார்

கான்டெசாவை நம்ம ஆளுங்க 'இந்தியாவோட மசில் கார்'னு சொல்றது அந்த நீள மூக்குக்காக. உண்மையில அது பிரிட்டன்ல இருந்து வந்த வாக்ஸ்ஹால் விக்டர் டிசைன். இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-ல கொண்டு வந்தாங்க. முதல்ல உள்ள போட்டது அம்பாசடர் குடும்பத்து 1.5 லிட்டர் இன்ஜின், சுமார் 50 குதிரைத்திறன். அவ்வளவு பெரிய உடம்புக்கு அது பத்தலை. அப்புறம் கம்பெனியே ஜப்பான் இசுசுவோட 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜினைப் போட்டது. அதுதான் கான்டெசா கிளாசிக், சித்தப்பா வச்சிருந்த வண்டி. பின்னாடி இசுசு டீசலும் வந்தது. 2002-ல உற்பத்தி நின்னுபோச்சு.

இந்த மாத்தல் சரியா அமையாத கதையும் நம்ம சென்னையிலயே இருக்கு. ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1980களோட நடுவுல 'ஸ்டாண்டர்டு 2000' விட்டாங்க. உடம்பு ரோவர் எஸ்.டி.1. பிரிட்டன்ல அதுல 3.5 லிட்டர் வி8 கூட வந்தது. இங்க வச்சது பழைய காலத்து 2 லிட்டர் இன்ஜின். விலை அதிகம், ஓட்டம் சுமார். சில வருஷத்துலயே மூடிட்டாங்க. ஒரு கார் கம்பெனிக்கே உடம்பும் இன்ஜினும் பொருந்தாம போனா இந்த நிலைமைன்னா, பட்டறையில வெல்டிங் வச்சுப் பொருத்துறப்போ யோசிக்கணும்.

டீசலுக்கு மாத்துறதும் நமக்குப் புதுசு இல்லை. மெட்டடோர் வேன் ஞாபகம் இருக்கா? அதோட டீசல் இன்ஜினைப் பழைய அம்பாசடர்லயும் ஜீப்புலயும் போட்டு ஓட்டினவங்க நம்ம பக்கம் நிறைய. மெட்டடோர் செஞ்ச பஜாஜ் டெம்போதான் இன்னைக்கு ஃபோர்ஸ் மோட்டார்ஸ். டிராவலர்ல வர்ற 2.6 லிட்டர் டீசலும் மெட்டடோர்ல வந்த அதே மெர்சிடிஸ் ஓ.எம்.616 வம்சம்தான். இன்னைக்கு நம்ம நாட்டு கேரவன்கள் பலதும் டிராவலர் மேலதான் கட்டுறாங்க. அதாவது தம்பிக்கு மெக்கானிக் சொன்னது அமெரிக்காக்காரன் பண்ற அதே வேலைதான். ஊரும் சைஸும்தான் வேற.

மெக்கானிக்கைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கத்துக்கிட்ட காலத்துல அது நடைமுறை. ஆனா சட்டம் மாறிடுச்சு. அதுக்கு அப்புறம் வர்றேன். முதல்ல பணம்.

65 ஆயிரம் எப்படி 2.5 லட்சம் ஆகுது?

தம்பியை உட்கார வச்சு, மெக்கானிக்கும் லேத் பட்டறைக்காரரும் சொன்ன ரேட்டை எல்லாம் ஒரு தாள்ல எழுதச் சொன்னேன். இது அவனுக்குக் கிடைச்ச ரேட். உங்க ஊர்ல மாறும், வரிசை மாறாது.

- இன்ஜின், கியர்பாக்ஸ்: ரூ.65,000
- மவுண்டிங், கிராஸ் மெம்பர் வெட்டி வெல்டிங்: ரூ.30,000
- ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் அளவு மாத்துறது: ரூ.12,000
- பெரிய ரேடியேட்டர், ஹோஸ்: ரூ.14,000
- முன்பக்க ஸ்பிரிங், பிரேக்: ரூ.35,000
- வயரிங், டீசல் லைன், ஃபில்டர்: ரூ.15,000
- சைலன்சர்: ரூ.9,000
- கூலி: ரூ.40,000

மொத்தம் ரூ.2,20,000. பழைய வண்டி வேலையில 15 சதவீதமாவது எதிர்பாராத செலவுன்னு ஒதுக்கணும். அது ரூ.33,000. ஆக ரூ.2,53,000.

பாருங்க, அந்த 65 ஆயிரம் மொத்தத்துல 30 சதவீதம்கூட இல்லை. மெக்கானிக் பொய் சொல்லலை. இன்ஜின் விலையைக் கேட்டான், இன்ஜின் விலையைச் சொன்னார்.

இதுக்கு லோன் எடுத்தா? மூணு லட்சம், 14 சதவீத வட்டி, 36 மாசம். இ.எம்.ஐ. சுமார் ரூ.10,250. மூணு வருஷத்துல வட்டி மட்டும் ரூ.69 ஆயிரம். அதாவது இன்ஜின் விலையைவிட வட்டி அதிகம். அவன் சம்பளத்துல ஏறத்தாழ அஞ்சுல ஒரு பங்கு ஓடாத காருக்குப் போகும். சேமிப்புல இருக்கிறது ஒரு லட்சத்துச் சொச்சம். சித்திக்கு ஏதாவது ஆஸ்பத்திரிச் செலவுன்னா அதுதான் கைமுதல்.

"டீசல்னா மிச்சம் ஆகுமே அண்ணா?"

சரி, அதையும் போட்டுப் பார்த்துடுவோம். வசதிக்கு முழு எண்ணா வச்சுக்குவோம். பெட்ரோல் லிட்டர் ரூ.100, லிட்டருக்கு 10 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ரூ.10. டீசல் ரூ.92, லிட்டருக்கு 13 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ரூ.7.08. மிச்சம் ரூ.2.92.

தம்பி மாசத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வந்து ஓட்டுவான். மாசம் 300 கிலோமீட்டர்னு தாராளமாவே வைங்க. மாச மிச்சம் சுமார் ரூ.880. வருஷத்துக்கு ரூ.10,500.

இருக்கிற பழைய இசுசு இன்ஜினையே இறக்கி, ரீபோர் போட்டு, பிஸ்டன் செட் மாத்தி, ஹெட் வேலை பார்த்து ஓட வைக்க இன்னொரு பட்டறையில கேட்ட ரேட் ரூ.1,10,000. ரெண்டு வழிக்கும் வித்தியாசம், எதிர்பாராத செலவைச் சேர்க்காமலே, இன்னொரு ரூ.1,10,000. வருஷம் 10,500 மிச்சம் பண்ணி அதை எடுக்கப் பத்து வருஷத்துக்கு மேல ஆகும். வட்டியைச் சேர்த்தா இன்னும் தள்ளிப் போகும்.

தினமும் 100 கிலோமீட்டர் ஓடுற டாக்சிக்கு இந்தக் கணக்கு வேற மாதிரி வரும். அந்தக் காலத்து அம்பாசடர் டாக்சிக்காரர் மெட்டடோர் இன்ஜின் போட்டது முட்டாள்தனம் இல்லை. அவர் ஓட்டின தூரத்துக்கு அது சரி. மாசம் ஒரு தடவை ஓட்டுற உங்களுக்கு, அவரோட தீர்வு பொருந்தாது.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. 2000-ல திருத்தினாங்க. சுருக்கம் இதுதான்: உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணா ஆர்.சி.யில உள்ள விவரம் மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரி மாதிரி வேற எரிபொருளுக்கு, விதிகள்படி கன்வர்ஷன் கிட் போட வழி இருக்கு. அதே மேக், அதே டைப் இன்ஜின் வைக்கணும்னா ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, புது இன்ஜின் நம்பரை ஆர்.சி.யில ஏத்தணும். வேற கம்பெனி வேன் இன்ஜினை வெல்டிங் வச்சு உட்கார வைக்கிறது இதுல எதுலயும் வராது. 2019 ஜனவரியில கேரளாவில் இருந்து போன ஒரு வழக்குல உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவை இறுக்கமாவே படிச்சது.

அதே 2019-ல சட்டத்தைத் திருத்தினப்போ பிரிவு 182-ஏ மாத்தி எழுதினாங்க. அனுமதியில்லாம மாத்தின ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது ஆறு மாசம் வரை சிறை, அல்லது ரெண்டும்.

"ஐயாயிரம்தானே, கட்டிடலாம்"னு நினைப்பீங்க. பெரிய செலவு அபராதம் இல்லை. இன்ஷூரன்ஸ். வண்டியை மாத்தினதைச் சொல்லாம பாலிசி எடுத்தா, உங்க வண்டிக்கான க்ளெய்மை நிராகரிக்க கம்பெனிக்குக் காரணம் கையில இருக்கும். அதைவிடப் பயமானது மூன்றாம் நபர் இழப்பீடு. பாலிசி நிபந்தனையை மீறின வழக்குகள்ல, கம்பெனி முதல்ல பணத்தைக் கட்டி, பிறகு வண்டி உரிமையாளர்கிட்ட வசூலிச்சுக்கலாம்னு நீதிமன்றங்கள் உத்தரவு போட்டிருக்கு. ஒரு உயிர்ப்பலி வழக்குல தொகை லட்சங்கள்ல போகும். 54 ஆயிரம் சம்பளக்காரனுக்கு அது வாழ்நாள் கடன்.

செகண்ட் ஹேண்ட் இன்ஜின்ல இன்னொரு ஆபத்தும் உண்டு. பில் இல்லாம, எந்த வண்டியில இருந்து வந்ததுன்னு காகிதம் இல்லாம வாங்கினா, அது திருட்டு வண்டியோடதா இருந்தா பதில் சொல்ல வேண்டியது நீங்க.

50 வயசு ஆனா என்ன ஆகும்?

இதைச் சொன்னப்போதான் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

2021 ஜூலையில மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டு வந்தது. முதல் பதிவு தேதியில இருந்து 50 வருஷம் தாண்டின, வணிகப் பயன்பாட்டுல இல்லாத டூ வீலர், கார்களுக்கு 'வி.ஏ.' எழுத்தோட தனி நம்பர் பிளேட். புதுப் பதிவுக் கட்டணம் ரூ.20,000. தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ரேலி, எரிபொருள் போட, பராமரிப்புக்குன்னு மட்டும் ரோட்டுக்கு வரலாம். முக்கிய நிபந்தனை, வண்டி அசல் வடிவத்துல இருக்கணும். சேசிஸ், பாடி, இன்ஜின் இதுல மாற்றம் செஞ்சிருந்தா அந்த அந்தஸ்து கிடையாது.

சித்தப்பாவோட கான்டெசா 2040-ல 50-ஐ தொடும். அன்னைக்கு அதோட மதிப்பு என்னன்னு நான் ஜோசியம் சொல்ல மாட்டேன். இது முதலீடு இல்லை, தயவுசெஞ்சு அப்படி நினைச்சு யாரும் பழைய கார் வாங்காதீங்க. ஆனா அந்த வாசலைத் திறந்து வைக்கிறதும் மூடுறதும் அந்த ஜாம் ஆன இன்ஜின்தான். அதைத்தான் 12 ஆயிரத்துக்கு இவன் கொடுக்கப் பார்த்தான்.

ஒரு வரித் தகவலும் சொல்லிடறேன். சொந்த உபயோகத்துக்கு வச்சிருக்கிற கார் வருமான வரிச் சட்டப்படி மூலதனச் சொத்து இல்லை. அதை லாபத்துக்கு வித்தாலும் மூலதன ஆதாய வரி வராது. நஷ்டம் வந்தா அதைக் கழிக்கவும் முடியாது. ஆனா வாங்கி வித்து வாங்கி விக்கிறதே தொழிலா போனா அது வியாபார வருமானம்.

கொட்டகையில நடந்தது

அடுத்த வாரம் நானும் போனேன். தார்ப்பாயை விலக்கினோம். சித்தி ஒரு பிளாஸ்டிக் கவர்ல இருந்து ஆர்.சி.யை எடுத்துட்டு வந்தாங்க. அப்பதான் ரெண்டு விஷயம் தெரிஞ்சது. ஆர்.சி. இன்னும் சித்தப்பா பேர்ல. பதிவும் காலாவதி.

உரிமையாளர் இறந்தா 30 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் சொல்லணும், மூணு மாசத்துக்குள்ள படிவம் 31-ல வாரிசு பேருக்கு மாத்த விண்ணப்பிக்கணும். ஆறு வருஷமா யாருக்கும் தோணலை. துக்க வீட்டுல யாருக்குத் தோணும்? லோன் எடுத்து, இன்ஜின் மாத்தி, 2.5 லட்சம் செலவழிச்சு முடிச்சிருந்தாலும், சட்டப்படி அது இவன் காரே இல்லை. ரோட்டுல எடுக்கவும் முடியாது.

15 வருஷத்துக்கு மேல ஆன தனியார் காருக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்கணும். 2025 ஆகஸ்ட்ல வந்த மாற்றத்துக்குப் பிறகு, 20 வருஷம் தாண்டின காருக்கு அந்தக் கட்டணம் ரூ.10,000. தாமதத்துக்குத் தனிக் கட்டணம், பசுமை வரி எல்லாம் தனி. பழைய வண்டி வச்சிருந்தா இது உங்க பட்ஜெட்ல இருக்கட்டும்.

தம்பி பானெட்டைத் திறந்து, டீசல் நனைச்ச துணியால இன்ஜின் பிளாக்கைத் தேய்ச்சான். கறுப்பு எண்ணெய்க்கு அடியில நம்பர் மெதுவா தெரிஞ்சது. அவன் ஒவ்வொரு எண்ணா படிச்சான். சித்தி கண்ணாடி போட்டுக்கிட்டு ஆர்.சி.யைப் பார்த்து "ஆமா", "ஆமா"ன்னு சொன்னாங்க. கடைசி எண் வரைக்கும் பொருந்திச்சு.

சித்தி அதுக்கப்புறம் ஒண்ணும் பேசலை. ஆர்.சி.யை மறுபடி கவர்ல போட்டு உள்ள எடுத்துட்டுப் போனாங்க.

இப்ப என்ன நிலைமை?

லோன் எடுக்கலை. படிவம் 31 கொடுத்தாச்சு. இன்ஜினைக் கழட்டி, ஈரம் படாம மூடி வச்சிருக்கோம். மாசம் ரூ.9,000 தனியா ஒரு ஆர்.டி.யில போடறான். ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல ஆனா ரீபோர் வேலைக்கான 1.10 லட்சம் வட்டியில்லாம கையில இருக்கும். எமர்ஜென்சி ஃபண்டைத் தொடலை. கார் இன்னும் ஓடலை, உண்மையைச் சொல்லிடறேன்.

உங்க வீட்டுலயும் அப்பாவோட பழைய கார், புல்லட், ஸ்கூட்டர் இருந்தா, பட்டறைக்குப் போறதுக்கு முன்னாடி இந்த வரிசையில போங்க:

1. ஆர்.சி. யார் பேர்ல, எது வரைக்கும் செல்லும்னு பாருங்க. பேர் மாத்தறது முதல் வேலை.
2. இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் ரெண்டையும் ஆர்.சி.யோட ஒப்பிடுங்க. போட்டோ எடுத்து வைங்க.
3. அசல் இன்ஜின் ஜாம் ஆயிருந்தாலும் எக்ஸ்சேஞ்சுல கொடுக்காதீங்க.
4. "இன்ஜின் எவ்வளவு?"ன்னு கேட்காதீங்க. "வண்டி ரோட்டுல ஓடி, ஆர்.சி., இன்ஷூரன்ஸோட நிக்க எவ்வளவு?"ன்னு கேளுங்க. எழுதி வாங்குங்க. மேல 15 சதவீதம் சேருங்க.
5. மாத்தித்தான் ஆகணும்னா அதே மேக், அதே டைப். ஆர்.டி.ஓ. அனுமதி முதல்ல, ஸ்பேனர் அப்புறம். பில் கட்டாயம்.
6. அஞ்சு வருஷம் தாண்டின வண்டிக்கு ஐ.டி.வி.யை நீங்களும் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் பேசி முடிவு பண்ணலாம். அவங்க சொல்ற முதல் எண்ணுக்கு அப்படியே தலையாட்டாதீங்க.
7. ஆசைக்குச் செலவு பண்ணுங்க, தப்பில்லை. பர்சனல் லோன்ல பண்ணாதீங்க.

ஏழாவதைத் தம்பிகிட்ட சொன்னப்போ அவன் சிரிச்சான். "அண்ணா, வண்டி ரெடியானா முதல் டிரிப் குப்பனூர் வழியாத்தான். முன் சீட்டுல அம்மா. நீங்க பின்னாடிதான் உட்காரணும்"னான்.

உட்கார்ந்துக்கறேன். அந்த டிரிப்பை வீடியோவுல காட்டறேன். அதுவரைக்கும் உங்க வீட்டு ஆர்.சி.யை ஒரு தடவை எடுத்துப் பாருங்க.